மலைக்குள் ரகசிய லேப்... அமானுஷ்ய சக்தியுடன் ஹீரோயின்! அமெரிக்க நாவல்களுக்கும் தேனி பொட்டிப்புரத்துக்கும் என்ன தொடர்பு?

ஒரு மலை. மலைக்குள்ளே குகைகள். குகைக்குள்ளே அரசாங்கம் நடத்தும் ஆய்வுக்கூடம். உள்ளே என்ன நடக்கிறது என்று அடிவாரத்து ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. ஒரு நாள் ராத்திரி உள்ளே வெடிக்கிறது. கசிந்து வந்த வாயுவைச் சுவாசித்த ஊரே மயங்கிச் சரிகிறது. கண் விழித்துப் பார்த்தால், மற்றவர்களுக்குத் தெரியாத விஷயங்கள் எல்லாம் அந்த ஊர்க்காரர்களின் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கின்றன. அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கும் அந்த சக்தி தொடர்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஆன் கிரென்ட்ஸ் 2020-ல் வெளியிட்ட 'தி வேனிஷிங்' நாவலின் பின்னணிதான் இது. அந்த ஊரின் பெயர் ஃபாக் லேக். முழுக்க கற்பனை.

ஆனால் தேனி மாவட்டத்துக்காரர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். "மலையைக் குடைஞ்சு அரசாங்க லேப்பா? இது நம்ம பொட்டிப்புரம் கதை மாதிரில்ல இருக்கு" என்பார். போடி மேற்கு மலையில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டதில் இருந்து, கம்பம் பள்ளத்தாக்கில் உலவிய பேச்சுகளில் பாதி இந்த மாதிரி நாவல்களில் இருந்து எடுத்ததைப் போலவே இருந்தன. அந்தக் கதைகள் எங்கிருந்து வருகின்றன, அவற்றில் எவ்வளவு நிஜம், பொட்டிப்புரத்தில் உண்மையில் பிரச்னை என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

இது என்ன வகை நாவல்?

ஆங்கிலத்தில் 'பாராநார்மல் ரொமான்டிக் சஸ்பென்ஸ்' என்று இதற்குப் பெயர். நம்ம ஊர் பாஷையில் சொல்வதென்றால் ரமணிசந்திரன் காதல், ராஜேஷ்குமார் க்ரைம், இந்திரா சௌந்தர்ராஜன் அமானுஷ்யம், மூன்றையும் ஒரே மிக்ஸியில் போட்டு அடித்தால் கிடைப்பது. அதோடு ஒரு அரசாங்க ரகசியத் திட்டத்தையும் தாளித்துக் கொட்டினால் கதை ரெடி.

கே ஹூப்பர் என்பவர் 2000-ல் 'ஸ்டீலிங் ஷேடோஸ்' நாவலில் தொடங்கிய வரிசையில், எஃப்பிஐ-க்குள்ளேயே அமானுஷ்ய சக்தி உள்ளவர்களை வைத்து ஒரு தனிப்பிரிவு இயங்கும். கொலைகாரனைப் பிடிப்பதும் அவர்கள்தான், காதலில் விழுவதும் அவர்கள்தான். 2006-ல் வந்த 'ஸ்லேவ் டு சென்சேஷன்' நாவலை எழுதிய நளினி சிங், ஃபிஜியில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்த இந்திய வம்சாவளிப் பெண். அவருடைய உலகத்தில் மனதைப் படிக்கும் ஒரு இனம் இருக்கிறது. அந்த இனத்தின் ஆட்சிக் குழு, மக்கள் உணர்ச்சிவசப்படுவதையே தடை செய்துவிடுகிறது. அங்கே காதல் என்பதே சட்டவிரோதம்!

இந்தப் பரம்பரைக்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு. ஸ்டீஃபன் கிங் 1980-ல் எழுதிய 'ஃபயர்ஸ்டார்ட்டர்'. கல்லூரி நாட்களில் பணத்துக்காக ஒரு மருந்துப் பரிசோதனைக்குச் சம்மதித்த ஜோடிக்குப் பிறக்கும் பெண் குழந்தை, பார்வையாலேயே தீ வைக்கிறாள். அவளைப் பிடிக்க அரசாங்க ஏஜென்சி துரத்துகிறது. 2016-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்தவர்களுக்கு இந்தச் சாயல் உடனே புரியும்.

சரி, இதில் காதல் எதற்கு? சும்மா பக்கத்தை நிரப்பவா என்றால் இல்லை. அடுத்தவர் நினைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோடு நிம்மதியாக வாழ முடியும்? உங்களைச் சின்ன வயதில் இருந்தே ஒரு அரசாங்க அமைப்பு ஏமாற்றி வந்திருக்கிறது என்றால், பக்கத்தில் வந்து நிற்கும் ஆளை மட்டும் எப்படி நம்புவது? 'தி வேனிஷிங்' நாயகி கேட்டலினாவும் அவள் தோழி ஒலிவியாவும் சின்ன வயதில் ஃபாக் லேக் குகையில் ஒரு கொலையைப் பார்த்தவர்கள். பல வருடம் கழித்து தோழி காணாமல் போகிறாள். தேடுவதற்கு உதவ வரும் ஸ்லேட்டர் என்ற ஆளை நம்புவதா வேண்டாமா என்பதுதான் பாதி கதை. கொலைகாரன் யார் என்பதைவிட அந்தக் கேள்விதான் பக்கத்தைப் புரட்ட வைக்கிறது.

எல்லாம் கட்டுக்கதையா? இல்லை, நிஜமாகவே நடந்தது!

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. மனோசக்தி உளவாளிகளை வைத்து அமெரிக்க அரசு உண்மையிலேயே ஒரு திட்டம் நடத்தியது. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்லை, 20 ஆண்டுகளுக்கும் மேலாக!

1970-களின் தொடக்கம். பனிப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். சோவியத் யூனியன் மனோசக்தி ஆராய்ச்சிக்குப் பணத்தைக் கொட்டுகிறது என்று அமெரிக்காவுக்குத் தகவல் போகிறது. அவன் செய்கிறான், நாம் சும்மா இருந்தால் எப்படி என்ற பயம். 1972-ல் கலிஃபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் ரஸ்ஸல் டார்க், ஹரால்டு புத்தாஃப் என்ற 2 இயற்பியலாளர்களின் ஆய்வுக்கு சிஐஏ பணம் கொடுத்தது. இங்கோ ஸ்வான் என்ற ஓவியர் இதில் முக்கியமான ஆள். கரண்டியை வளைத்துக் காட்டிப் பிரபலமான யூரி கெல்லரையும் அங்கே பரிசோதித்தார்கள்.

இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ரிமோட் வியூயிங்'. ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ இருக்கும் இடத்தை மனக்கண்ணால் பார்த்து வரைவது. பூமியின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் கொடுப்பார்கள். அங்கே என்ன இருக்கிறது என்று இவர் சொல்ல வேண்டும்.

நம்ம கிராமத்தில் மாடு காணாமல் போனால், நகை தொலைந்துபோனால் வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பார்களே, கிட்டத்தட்ட அதே வேலை. வெற்றிலைக்குப் பதில் வெள்ளைத்தாளும் பென்சிலும். கோடங்கிக்குப் பதில் ராணுவ அதிகாரி. செலவு மட்டும்தான் கோடிக்கணக்கில்!

பின்னாளில் இந்த வேலை மேரிலாந்தில் உள்ள ஃபோர்ட் மீட் ராணுவ முகாமுக்குப் போனது. கிரில் ஃப்ளேம், சென்டர் லேன், சன் ஸ்ட்ரீக் என்று பெயர் மாறிக்கொண்டே இருந்தது. கடைசிப் பெயர் ஸ்டார் கேட். மொத்தச் செலவு சுமார் 2 கோடி டாலர்.

முடிவு என்ன ஆச்சு? 1995-ல் வெளி நிபுணர்களை வைத்து மதிப்பீடு செய்தார்கள். புள்ளியியல் பேராசிரியர் ஜெசிகா அட்ஸ், முடிவுகளை வெறும் தற்செயல் என்று ஒதுக்க முடியாது என்றார். உளவியலாளர் ரே ஹைமன் அதை ஏற்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் மதிப்பீடு தெளிவாக இருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு உளவு நடவடிக்கைக்குக்கூட இந்தத் தகவல்கள் நம்பகமான வழிகாட்டியாக இருக்கவில்லை. கடையை மூடிவிட்டார்கள். 2017-ல் சிஐஏ தன் பழைய ஆவணங்களை லட்சக்கணக்கான பக்கங்களாக இணையத்தில் ஏற்றியபோது ஸ்டார் கேட் கோப்புகளும் வெளியே வந்தன. படித்துப் பார்த்தால் பெரும்பாலும் தெளிவில்லாத கிறுக்கல் படங்களும் அலுவலகக் குறிப்புகளும்தான். நாவலில் வருகிற த்ரில் எல்லாம் அதில் கிடையாது.

ஆனால் இதற்கு முந்தைய திட்டம் ஒன்று நாவலைவிடக் கொடூரமானது. 1953-ல் சிஐஏ தொடங்கிய 'எம்கே அல்ட்ரா'. மனித மனதைக் கட்டுப்படுத்த முடியுமா என்று பார்ப்பதற்காக, என்ன கொடுக்கிறோம் என்று சொல்லாமலேயே ஆட்களுக்கு எல்எஸ்டி போதை மருந்து கொடுத்தார்கள். 1973-ல் அப்போதைய சிஐஏ தலைவர் ரிச்சர்டு ஹெல்ம்ஸ், கோப்புகளை அழிக்கச் சொன்னார். 1975-ல் விஷயம் வெளியே வெடித்தது. அழிபடாமல் தப்பிய சுமார் 20,000 பக்கங்கள் 1977-ல் கிடைத்தன. 'ஃபயர்ஸ்டார்ட்டர்' வந்தது அதற்கு 3 வருடம் கழித்து. கணக்கு புரிகிறதா? அரசாங்கம் ஒருமுறை பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பிறகு, எழுத்தாளர் என்ன சொன்னாலும் வாசகர் நம்பத் தயாராக இருந்தார்.

இந்தியாவில் இப்படி ஏதாவது?

ரகசியமாக இல்லை, கேமரா முன்னாலேயே ஒன்று நடந்தது. பல பத்தாண்டுகளாகச் சாப்பாடு, தண்ணீர் இல்லாமல் வாழ்வதாகச் சொன்ன குஜராத் யோகி பிரகலாத் ஜானியை, 2010-ல் அகமதாபாத் மருத்துவமனையில் 2 வாரம் கண்காணித்தார்கள். அதில் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ-வின் கீழ் உள்ள உடலியங்கியல் ஆய்வு நிறுவனமும் பங்கேற்றது. சாப்பாடு இல்லாமல் வீரர்கள் தாக்குப்பிடிக்க வழி கிடைக்குமா என்ற ஆசை. பகுத்தறிவாளர்கள் அந்தக் கண்காணிப்பில் ஓட்டைகள் இருப்பதாகக் கடுமையாக விமர்சித்தார்கள். ஜானி 2020-ல் காலமானார்.

தமிழில் இந்த ருசிக்குப் பழக்கம் உண்டு. 90-களில் சன் டிவியில் வந்த 'மர்மதேசம்' தொடரை, இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்தில், நாகா இயக்கத்தில், ராத்திரி போர்வையைப் போர்த்திக்கொண்டு பார்த்த தலைமுறை இன்னும் மறக்கவில்லை. அதில் 'விடாது கருப்பு' பகுதியில் தப்பு செய்தவர்களைக் கருப்பசாமியே வந்து தண்டிப்பதாக ஊர் நம்பும். கடைசியில் காரணம் ஒரு மனநலப் பிரச்னை என்று வரும். இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மதுரையில் காலமானார். சினிமாவில் என்றால் 2011-ல் வந்த '7ஆம் அறிவு'. நோக்கு வர்மம் தெரிந்த வில்லன், வெளிநாட்டு அரசின் ரகசியத் திட்டம், நடுவில் காதல். அமெரிக்க ஃபார்முலா அப்படியே பொருந்தும்.

ஆனால் ஒரு வித்தியாசம். தமிழ்க் கதைகளில் மர்மம் பெரும்பாலும் கோயிலில், சித்தர் குகையில், ஓலைச்சுவடியில் இருக்கும். அமெரிக்கக் கதையில் மர்மம் அரசாங்க ஃபைலில் இருக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் ரெண்டும் சேர்ந்தது என்பதுதான் விசேஷம். சுருளி மலைக் குகைகளில் சித்தர்கள் இருந்ததாகப் பேச்சு. எல்லை மலை உச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில். அதே மலைத்தொடரின் இன்னொரு பக்கம், அரசாங்க ஃபைலில் ஏறியது.

பொட்டிப்புரத்தில் என்ன திட்டம்?

இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் தெரியும் அல்லவா? அதே வட்டாரத்தில், தேவாரத்துக்குப் பக்கம் இருக்கும் ஊர் பொட்டிப்புரம். ஊருக்குப் பின்னால் அம்பரப்பர் மலை. அந்த மலையைப் பக்கவாட்டில் சுமார் 2 கி.மீ. தூரம் குடைந்து, உள்ளே பெரிய குகை அமைத்து, 50,000 டன் எடையுள்ள காந்தமேற்றிய இரும்புக் கருவியை வைப்பதுதான் இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டம்.

நியூட்ரினோ என்பது எதையும் உரசாமல் ஊடுருவிப் போகும் மிக நுண்ணிய துகள். சூரியனில் இருந்து மட்டும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் நொடிக்கு சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. இதைப் படிக்கும்போதே உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியாகவும் போகின்றன. ஒன்றும் செய்யாது. மற்ற காஸ்மிக் கதிர்கள் வந்து குழப்பாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் மலை. மேலேயும் சுற்றிலும் குறைந்தது 1 கி.மீ. பாறை இருந்தால் அது வடிகட்டி மாதிரி வேலை செய்யும். இந்தியா இதற்குப் புதுசும் இல்லை. 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்தவர்களில் இந்திய விஞ்ஞானிகளும் இருந்தார்கள்.

அப்புறம் ஏன் இவ்வளவு பயம்?

காரணம் ஒன்றல்ல. திட்டத்துக்குப் பணம் கொடுக்கும் துறைகளில் ஒன்று அணுசக்தித் துறை. 'அணு' என்ற ஒரு சொல் போதும். கூடங்குளம் போராட்டம் சூடாக நடந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் இந்தப் பேச்சும் பள்ளத்தாக்குக்கு வந்தது. அணுக்கழிவைக் கொட்டப் போகிறார்கள், ஆயுதம் செய்யப் போகிறார்கள், கதிர்வீச்சில் குழந்தைகள் பாதிக்கப்படும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. மலை, சுரங்கம், வேலி, டெல்லியில் இருந்து வரும் ஆட்கள். ஃபாக் லேக் கதைக்கு வேண்டிய எல்லாப் பொருளும் இருக்கிறதே!

இங்கே நமக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறோம். இந்த நாவல்தனமான பயத்தால் அதிகம் நஷ்டப்பட்டது விஞ்ஞானிகள் இல்லை, பொட்டிப்புரத்து மக்கள்தான். அவர்களுக்கு நியாயமான கேள்விகள் இருந்தன. பாறையை வெடி வைத்துத் தகர்த்தால் கிணற்று ஊற்று என்ன ஆகும்? அள்ளிக் கொட்டும் கல்லும் தூசியும் எங்கே போகும்? ஆடு, மாடு மேய்க்க மலைக்குப் போக விடுவார்களா? யானை, புலி நடமாடும் பாதை என்ன ஆகும்? இதைக் கேட்டவருக்கு, "நியூட்ரினோ யாரையும் ஒன்றும் செய்யாது" என்று பதில் வந்தது. அது உண்மைதான். ஆனால் அவர் கேட்டது அந்தக் கேள்வி இல்லையே! நியூட்ரினோ ஆபத்தா என்ற விவாதம் பெரிதாகப் பெரிதாக, மலையைக் குடைவது பற்றிய விவாதம் ஓரத்துக்குப் போய்விட்டது.

நீதிமன்றத்தில் நின்றதும் இந்தச் சாதாரணக் கேள்விகள்தான். முதலில் நீலகிரியில் சிங்காரா என்ற இடத்தைத் தேர்வு செய்திருந்தார்கள். யானைகளும் புலிகளும் உள்ள பகுதி என்று 2009-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்துவிட்டது. பொட்டிப்புரத்துக்கு 2011-ல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதே ஆண்டு மார்ச்சில், வைகோ தொடர்ந்த வழக்கில், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

2017-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்த 2011 அனுமதியையே நிறுத்திவைத்தது. காரணம் கதிர்வீச்சு இல்லை, ஆயுதமும் இல்லை. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரித்த அமைப்புக்கு அதற்கான அங்கீகாரம் இல்லை. கேரளப் பக்கம் உள்ள மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கி.மீ. தூரத்துக்குள் இருந்ததும் கணக்கில் வந்தது. 2018-ல் சிறப்பு நேர்வாகக் கருதி மத்திய அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. அதைத் தீர்ப்பாயம் ரத்து செய்யவில்லை. ஆனால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் கட்டாயம் என்றது. ஒரு பெரிய திட்டத்தை நிறுத்திவைத்தது வரைபடத்தில் அளந்த தூரமும் ஒரு சான்றிதழும்தான். த்ரில்லர் எழுதுபவர் இப்படி ஒரு க்ளைமாக்ஸ் வைத்தால் பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிடுவார்!

சுரங்கம் என்றாலே இந்த மக்களுக்கு ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்கு உயிர் வாழ்வதே ஒரு மலைச் சுரங்கத்தால்தான். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டியபோது, ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் மலையைக் குடைந்துதான் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பினார்கள். அந்தத் தண்ணீரில்தான் லோயர் கேம்ப்பில் மின்சாரம், கம்பத்தில் நெல்லும் திராட்சையும். அதைக் கட்டிய பென்னிகுவிக்குக்கு லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. ஜனவரி 15-ல் அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். அந்தச் சுரங்கம் எதற்கு என்று யாரும் பள்ளத்தாக்குக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் வந்தது, வயல் நனைந்தது, அவ்வளவுதான்.

இப்போது நிலை என்ன?

2021 ஜூனில் பிரதமரைச் சந்தித்த முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், திட்டத்தைக் கைவிடக் கேட்டார். 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, இந்த மலையில் ஆய்வகத்துக்கு அனுமதி தர முடியாது என்று உச்சநீதிமன்றத்தில் பதில் மனு தாக்கல் செய்தது. புலிகள் மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறு காப்பகத்துக்கும் இடையே நடமாடும் வழித்தடம் என்பது அதில் சொன்ன முக்கியக் காரணம். கருவியின் சிறிய மாதிரி ஒன்றை, 85 டன் எடையில், விஞ்ஞானிகள் மதுரையில் அமைத்து இயக்கிப் பார்த்தார்கள். சீனாவில் 700 மீட்டர் ஆழத்தில் கட்டிய ஜூனோ நியூட்ரினோ ஆய்வகம் 2025-ல் வேலையைத் தொடங்கிவிட்டது. அம்பரப்பர் மலையில் சுரங்கம் தோண்டும் பணி தொடங்கவே இல்லை.